கர்ப்பம் எத்தனை வாரம்? சரியாகக் கணக்கிடும் முறை

கர்ப்பக் கணக்கு கரு தரித்த நாளிலிருந்து தொடங்குவதில்லை. கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. அதனால் நாள் தள்ளிப்போனது தெரியும்போதே நான்கு வாரம் ஆகியிருக்கும்.

தேதி கேட்டால் நம் பெண்கள் பலர் தலைக்குக் குளித்த நாளைச் சொல்வார்கள். அது மூன்றாம் நாளாகவும் இருக்கும், ஐந்தாம் நாளாகவும் இருக்கும். வேண்டியது தீட்டுப்பட்ட முதல் நாள். லேசாக ஒரு நாள் கறை பட்டு நின்றிருந்தால் அது மாதவிடாயாக இல்லாமலும் போகலாம். அதற்கு முந்தைய தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தேதி மறந்துவிட்டதா? திஞ்சானுக்கு (ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) முன்பா பின்பா, தடிஞ்சுட் பௌர்ணமி (அக்டோபர் வாக்கில் வரும் விளக்குத் திருவிழா) கழிந்து எத்தனை நாள் என்று யோசித்து, அந்த வருட பர்மியக் காலண்டரில் ஆங்கிலத் தேதியைப் பிடியுங்கள். பர்மிய மாதங்களை அப்படியே விரல்விட்டு எண்ணாதீர்கள். சில வருடங்களில் வாசோ என்ற மாதம் இரண்டு முறை வரும்; கணக்கு ஒரு மாதம் பிசகிவிடும்.

இனி கணக்கு. முதல் நாள் ஏப்ரல் 14, இன்று ஜூன் 30 என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் 16, மே 31, ஜூன் 30, ஆக 77 நாள். ஏழால் வகுத்தால் சரியாக 11 வாரம். பிரசவத் தேதிக்கு ஏழு நாளும் ஒன்பது மாதமும் கூட்டுங்கள்: ஜனவரி 21. நாளாக எண்ணினால் 280 நாள், ஜனவரி 19. இந்த இரண்டு நாள் வித்தியாசம் பொருட்டல்ல. இது 28 நாளுக்கு ஒருமுறை விலக்காகிறவர்களுக்கான கணக்கு. 35 நாள் சுற்று என்றால் பிரசவத் தேதியை ஏழு நாள் தள்ளிவைக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருத்தடை ஊசி போட்டுவந்தவர்களுக்கும், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே உண்டானவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவாது. மாதவிடாய் திரும்பும் முன்பே கரு தங்கிவிடலாம். அவர்களுக்கு ஸ்கேன்தான் வழி, அதுவும் சீக்கிரம். 14 வாரத்துக்குள் குழந்தையைத் தலையிலிருந்து பிட்டம்வரை அளந்தால் ஒரு வாரத்துக்கு மேல் பிசகாது. 28 வாரம் தாண்டிய ஸ்கேனில் மூன்று வாரம்வரை பிசகலாம்.

ஸ்கேன் வசதி தொலைவில் என்றால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தும் மருத்துவச்சி ஓரளவு சொல்வார். கருப்பையின் மேல்விளிம்பு 12 வாரத்தில் அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்கம் உள்ள இடுப்பெலும்புக்குச் சற்று மேலே தட்டும். 20 வாரத்தில் தொப்புளை எட்டும். இரட்டைக் குழந்தை, கட்டி, நீர் அதிகம் என்றால் இது ஏமாற்றும்.

முதல் ஸ்கேனில் முடிவான தேதியைக் கர்ப்பிணி அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எட்டாம் மாத ஸ்கேன் தாளில் வேறு தேதி இருந்தால் பழையதை அடித்துத் திருத்த விடாதீர்கள். குழந்தை சிறிதாகத் தெரிந்தால் வளர்ச்சி குறைந்திருக்கலாம். தேதியைத் தள்ளிவைத்தால் அந்தக் குறை கண்ணில் படாமலே போகும்.