எருக்குழியில் சுருண்டு கிடக்கும் புழு எந்த வண்டுடையது?

தென்னந்தோப்பு எருக்குழியைக் கிளறினால் வெள்ளைப் புழுக்கள் பிறை போல் சுருண்டு கிடக்கும். எல்லாமே தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் புழு என்று கோழிக்கு அள்ளிப் போடுவது வழக்கம். அதில் குப்பையை மக்க வைக்கும் பூவண்டின் புழுவும் சேர்ந்து போய்விடும். இனம் பிரிக்க ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு வாளித் தண்ணீர், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும்.

முதலில் கால். புழுவைக் கழுவித் தட்டில் வைத்துத் தலைக்குப் பின்னால் பாருங்கள். மூன்று ஜோடி கால் இருந்தால் மேலே போகலாம். காலே இல்லாத, மரத்தண்டுக்குள் இருந்து எடுத்த புழு என்றால் அது சிவப்புக் கூன்வண்டு. அதற்கு வைத்தியமே வேறு.

அடுத்து நடை. இதுதான் நம்பகமான சோதனை. ஒரு நிமிடம் தொடாமல் விடுங்கள். பூவண்டின் புழு மல்லாந்து, குட்டிக் கால்கள் வானத்தைப் பார்க்க, முதுகாலேயே விறுவிறுவென்று ஊர்ந்துவிடும். காண்டாமிருக வண்டின் புழு அப்படிப் போகாது. பக்கவாட்டில் சாய்ந்து சுருண்டே கிடக்கும்.

பிறகு வால்நுனியை லென்ஸில் பாருங்கள். மலத்துளை மூன்று கிளையாகப் பிரிந்திருந்தால் அது நிலக்கடலை, கரும்பு வேரைத் தின்னும் வேர்ப்புழு. குறுக்காக ஒரே கோடாக இருந்தால் காண்டாமிருக வண்டு. பூவண்டுக்கும் குறுக்குக் கோடுதான் என்பதால் நடையைப் பார்க்காமல் வாலுக்குப் போகாதீர்கள். வகைப்பாட்டில் இவை ஒரே ஸ்கேரப் குடும்பத்தின் தனித்தனித் துணைக்குடும்பங்கள்: காண்டாமிருக வண்டு டைனாஸ்டினே, பூவண்டு செட்டோனினே, வேர்ப்புழு மெலோலாந்தினே. சாண வண்டு ஸ்கேரபைனே. அதன் புழு சாண உருண்டைக்குள்ளேயே வளர்வதால் குழியில் தனியாக அகப்படுவது அரிது.

அளவை வைத்து முடிவு செய்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். முற்றிய காண்டாமிருகப் புழு 6 முதல் 10 செ.மீ. வரை நீளும், தலை மட்டும் சுமார் 1 செ.மீ. அகலம். ஆனால் அதே புழு முதல் பருவத்தில் முற்றிய பூவண்டுப் புழுவைவிடச் சிறியது.

வண்டாகக் கிடைத்தால் உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள். ஸ்கேரப் குடும்பமென்றால் விசிறி போல் விரிந்து மடியும் தகடுகள் இருக்கும். பொன்வண்டுக்கு அது கிடையாது, அது வேறு குடும்பம். காண்டாமிருக வண்டில் ஆண், பெண் பிரிக்கக் கொம்பின் நீளத்தை நம்ப வேண்டாம். சத்துக் குறைந்து வளர்ந்த ஆணுக்கும் கொம்பு குட்டையாகத்தான் இருக்கும். வயிற்றின் கடைசி நுனியில் செம்பழுப்பு மயிர் அடர்ந்திருந்தால் பெண், வழவழப்பாக இருந்தால் ஆண்.

அப்படியும் சந்தேகம் தீராத புழுவை, கிடைத்த எருவோடு அகன்ற ஜாடியில் ஒன்றே ஒன்றாக விடுங்கள். நெருக்கமாக விட்டால் ஒன்றையொன்று கடிக்கும். எருவைப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. கூடு கட்டியதும் கிளறாதீர்கள். சில வாரங்களில் வண்டு வெளியே வரும்.

முட்டை வண்டாகக் குறைந்தது நான்கு மாதமாகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குழியைச் சலித்துக் காண்டாமிருகப் புழுவை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, பூவண்டின் புழுவைத் திரும்பக் குழியிலேயே விட்டுவிடுங்கள்.