குழந்தை ஆஸ்பத்திரியில்: பில் கைமீறிப் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

குழந்தையை அட்மிட் செய்யும் நேரத்தில் பணத்தைப் பற்றிப் பேச வாய் வராது. ஆனால் எந்த அறை, எந்தப் பெயரில் அட்மிஷன், இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்லியாயிற்றா என்று செலவைத் தீர்மானிக்கும் பல விஷயங்கள் அந்த முதல் சில மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகின்றன. டிஸ்சார்ஜ் அன்று பில் கவுன்டரில் எவ்வளவு மன்றாடினாலும் இவற்றை மாற்ற முடியாது.

அதனால் முதல் வேலை, ஆளைப் பிரித்துக்கொள்வது. ஒருவர் குழந்தையோடு இருக்கட்டும். பில், படிவம், போன் எல்லாவற்றையும் இன்னொருவர் பார்க்கட்டும். அது அப்பா அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, சித்தியோ மாமாவோ போதும். இரவெல்லாம் கண்விழித்தவர் கையெழுத்துப் போடும் தாளைப் படித்துப் பார்ப்பதில்லை.

முதல் நாள்

இன்சூரன்ஸ் இருந்தால் உடனே தகவல் கொடுங்கள். அவசர அட்மிஷன் என்றால் பல பாலிசிகள் 24 அல்லது 48 மணி நேரத்துக்குள் சொல்லச் சொல்லும். பிறகு மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும், எவற்றுக்கெல்லாம் பாலிசி பணம் தராது, அறை வாடகைக்கு வரம்பு உண்டா.

மூன்றாவது கேள்விதான் பலருக்கு அடி கொடுப்பது. வரம்பைப் போல இரண்டு மடங்கு வாடகையுள்ள அறையை எடுத்தால், வாடகை வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும் என்று நினைப்போம். சில பாலிசிகளில் டாக்டர் கட்டணம், நர்சிங், ஆபரேஷன் தியேட்டர் என்று மற்றவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். 100 ரூபாய்க்கு 50தான் வரும். தனி அறைதான் வேண்டும் என்றால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள்.

பிறந்த குழந்தை என்றால் பெயர்ச் சிக்கல் வரும். ஆஸ்பத்திரிப் பதிவில் அம்மா பெயரைப் போட்டு ‘இன்னாருடைய குழந்தை’ என்று இருக்கும். பாலிசியிலோ குழந்தையே சேர்ந்திருக்காது. பாலிசியில் குழந்தையைச் சேர்ப்பதற்குக் கெடு உண்டு, அதைக் கேட்டு முடித்துவிடுங்கள். பில், ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி (வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சிகிச்சைச் சுருக்கம்) எல்லாவற்றிலும் பெயரும் எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதே நாளில் ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரையும் பார்த்துவிட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் இப்படி ஒருவர் அநேகமாக இருப்பார். யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். அரசு உதவித் திட்டம், அறக்கட்டளை நிதி, கட்டணச் சலுகை, தங்குமிடம் எல்லாம் அவர் வழியாகத்தான் நகரும். பல நிதிகள் சிகிச்சை நடக்கும்போதே விண்ணப்பிக்கச் சொல்கின்றன. கடன் வாங்கிக் கட்டி முடித்த பில்லுக்குத் தருவதில்லை. வெளியூரிலிருந்து வந்திருந்தால் தங்குமிடத்தைக் குறிப்பாகக் கேளுங்கள். 1974-இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய ரொனால்ட் மெக்டொனால்ட் ஹவுஸ் போன்ற இல்லங்கள் நோயாளிக் குழந்தையின் குடும்பம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்குவதற்கென்றே இருக்கின்றன.

தினமும் பில்லைக் கேளுங்கள்

இறுதி பில்லில் பத்துப் பக்கம் இருந்தால் அதில் தப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அன்றன்றைய விவர பில்லை அன்றன்றே வாங்கிப் பார்த்தால் பத்து நிமிட வேலை. ஒரு நோட்டில் தேதி போட்டு நடந்ததைக் குறித்து வாருங்கள்: எத்தனை முறை நெபுலைசர், எத்தனை மணி நேரம் ஆக்ஸிஜன், எந்த டாக்டர் வந்தார், எந்த டெஸ்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். வழக்கமாக வரும் தப்புகள் இவைதான்: ஒரே டெஸ்ட் இரண்டு முறை ஏறியிருக்கும், ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாற்றிய நாளுக்கு இரண்டு அறை வாடகையும் விழுந்திருக்கும், கேன்சல் செய்த ஸ்கேன் அப்படியே நிற்கும். பெரும்பாலும் இது யாரும் வேண்டுமென்று செய்வதல்ல, கணினியில் எடுக்க மறந்தது. சண்டை வேண்டாம், நோட்டைக் காட்டிக் கேட்டால் போதும்.

குழந்தைகளுக்கென்றே உள்ள ஒரு செலவு, மருந்துக் குப்பி. டோஸ் எடையைப் பொறுத்தது. குப்பியோ பெரும்பாலும் பெரியவர்களுக்கான அளவில் வரும். ஒரு வேளைக்கு 600 மில்லிகிராம் வேண்டும், குப்பி 1,000 என்றால், ஒரு முறைக்கு மட்டுமான குப்பியில் மீதி 400 குப்பைக்குப் போகும். பில்லில் முழுக் குப்பி ஏறும். மீதியை எடுத்து வைக்கச் சொல்லாதீர்கள், கிருமி தொற்றும் ஆபத்து உண்டு. சிறிய குப்பி கிடைக்குமா என்று மட்டும் கேளுங்கள். மருந்து மாற்றியபோது பிரிக்காமல் மிச்சமானவற்றை ஃபார்மஸியில் திருப்பிக் கொடுக்கலாம், இறுதி பில் போடுவதற்கு முன்னால்.

டாக்டரிடம் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “குழந்தை வாய்வழியாகச் சாப்பிடுகிறது, ஊசி மருந்தை சிரப்புக்கு மாற்ற முடியுமா?” மாற்ற முடிந்தால் மருந்துச் செலவும் குறையும், வீட்டுக்கும் சீக்கிரம் போகலாம். முடியாது என்றால் காரணம் சொல்வார், அதோடு விட்டுவிடுங்கள். சிகிச்சையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசக் கூடாது.

அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு வெளியே போகும் பணத்தை எழுதுங்கள். ஆட்டோ, சாப்பாடு, பார்க்கிங், வீட்டிலிருக்கும் மற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு, வேலைக்குப் போகாததால் இழந்த சம்பளம். இரண்டு வாரம் நீண்டால் இந்தச் சில்லறையே ஒரு பெரிய தொகையாகிவிடும். அட்மிஷன் தேதி போட்ட கடிதத்தை ஆஸ்பத்திரியில் வாங்கி வேலை செய்யும் இடத்தில் கொடுத்தால், விடுமுறை கேட்க ஆதாரமாகும்.

கையில் பணம் போதாவிட்டால்

முதலில் ஆஸ்பத்திரியிடமே தவணை கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். வட்டிக்குக் கடன் அதற்கு அப்புறம். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் வட்டி அசலையே தாண்டிவிடக்கூடும். வீட்டு வாடகையையும் அரிசி பருப்புக்கான பணத்தையும் எடுத்து பில் கட்டாதீர்கள். இணையத்தில் நிதி திரட்டுவதானால், தளம் கட்டணமாக எவ்வளவு பிடித்துக்கொள்ளும், பணம் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகுமா என்று பாருங்கள். குழந்தையின் படம் ஒருமுறை போனால் திரும்ப வராது என்பதும் நினைவிருக்கட்டும்.

டிஸ்சார்ஜ்

நாளைக்கு வீடு என்று சொன்னவுடனே சம்மரியின் நகலைக் கேட்டுப் படியுங்கள். மூன்று நாள் இருமல் ‘பிறந்ததிலிருந்து’ என்று எழுதப்பட்டுவிட்டால், பிறவிக் கோளாறு என்று க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம். அங்கேயே திருத்தி டாக்டர் கையெழுத்து வாங்குவது சுலபம். ஒரு மாதம் கழித்து அலைவது கொடுமை.

விவர பில், பணம் கட்டிய ரசீதுகள், டெஸ்ட் ரிப்போர்ட்டுகள், ஒவ்வொரு ஃபார்மஸி பில்லுக்கும் பொருந்தும் மருந்துச் சீட்டு, உடலுக்குள் ஏதாவது கருவி பொருத்தியிருந்தால் அதன் ஸ்டிக்கர், எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். ஒரிஜினலைக் கொடுக்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் வாங்கும் மருந்து, மறுபரிசோதனை ஆகியவற்றுக்கும் 60 அல்லது 90 நாள் வரை பணம் தரும் பாலிசிகள் உண்டு; அந்த பில்களும் அதே ஃபைலுக்குத்தான். க்ளெய்மை மறுத்தால் எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள், அந்த விதியின் எண்ணைக் குறிப்பிட்டு டாக்டர் கடிதத்தோடு மறுபடி அனுப்புங்கள்.