ஹெல்ப்புக்கு எந்த விண்டோ?

மென்பொருளோடு வரும் ஹெல்ப்பை வாசகர் படித்துக்கொண்டே செய்வாரா, படித்து முடித்துவிட்டுச் செய்வாரா? ஹெல்ப்பில் உள்ள ஒவ்வொரு தலைப்புக்கும் இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் நான் விண்டோவை முடிவு செய்வேன்.

படித்துக்கொண்டே செய்கிற வகைதான் தலைவலி. பிரிண்டரை இணைக்க ஏழு படிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்ப் முழுத்திரையில் திறந்தால் ஒரு படியைப் படித்து, மென்பொருளுக்குப் போய், மெனுவைத் திறந்து, அடுத்தது என்ன என்று மறுபடி ஹெல்ப்புக்கு ஓடிவர வேண்டும். இதற்கு ஒல்லியான துணை விண்டோ போதும். திரையின் ஓரமாக, அகலம் கால் பங்குக்குள். அது எப்போதும் மேலேயே நிற்கட்டும். ஆனால் ‘இதை அழுத்துங்கள்’ என்று நாம் சொல்லும் பட்டனையே மறைத்துவிடக் கூடாது. அதனால் வாசகர் இழுத்து நகர்த்தும்படி விடுங்கள். உங்கள் பெரிய மானிட்டரை நம்பாமல் 1366×768 திரையிலும் ஒருமுறை திறந்து பாருங்கள். செய்முறையை மோடல் டயலாக்கில் (மூடும்வரை மென்பொருளைத் தொடவிடாத பெட்டியில்) போடுபவர்கள்மேல் எனக்குக் கோபமே உண்டு: மூடாமல் வேலை நடக்காது, மூடினால் படிகள் போச்சு!

படித்துவிட்டுச் செய்கிற நீண்ட விளக்கங்களுக்குப் பழைய மூன்று பகுதி விண்டோவே சரி. மேலே டூல்பார், இடதில் பொருளடக்கமும் தேடலும், வலதில் தலைப்புக்கான விளக்கம். 1997இல் வந்த, மைக்ரோசாஃப்டின் ஹெல்ப் வடிவமான எச்டிஎம்எல் ஹெல்ப் பழக்கிவிட்ட அமைப்பு அது.

சட்டென்று மேலெழும் சின்னப் பெட்டியான பாப்-அப், திரையில் உள்ள ஒரே ஒரு கட்டத்தை (ஃபீல்டை) விளக்க மட்டும். ஸ்க்ரோல் தேவைப்பட்டால் அது பாப்-அப்புக்கான விஷயமே இல்லை. மவுஸ் பட்டதும் தோன்றுவதாக இருந்தால், எஸ்கேப் அழுத்தினால் மறைய வேண்டும், மவுஸை அதன்மேல் கொண்டுபோனாலும் நிலைக்க வேண்டும். இணைய உள்ளடக்கம் எல்லோருக்கும் எட்டுவதற்கான வழிகாட்டியான, 2018இன் டபிள்யூசிஏஜி 2.1 விதியும் இதைக் கேட்கிறது. எச்டிஎம்எல் ஹெல்ப்புக்கு முந்தைய வடிவமான வின்ஹெல்ப்பில் உள்ள கோப்பை சிஎச்எம்முக்கு (எச்டிஎம்எல் ஹெல்ப் கோப்புக்கு) மாற்றுபவர்கள் கவனிக்க: வின்ஹெல்ப் பாப்-அப்பில் படம் வைக்கலாம், எச்டிஎம்எல் ஹெல்ப்பின் பாப்-அப் வெறும் எழுத்தைத்தான் காட்டும். படமுள்ளவற்றைத் துணை விண்டோவுக்குத் தள்ளுங்கள்.

எத்தனை வகை வைக்கலாம்? அந்தக் கால வின்ஹெல்ப் 4இல் 255 துணை விண்டோ வரை வரையறுக்க முடிந்தது. யாருக்கு வேண்டும் அவ்வளவு! நான் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன்.

அப்புறம், ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர் வைத்து, இணைப்புகள் அந்தப் பெயரையே குறிக்கும்படி செய்யுங்கள். அடுத்த செய்முறையைச் சொடுக்கினால் அதே துணை விண்டோவில் உள்ளடக்கம் மட்டும் மாறும். திரையில் விண்டோக்கள் குவியாது.