400 டாலர் டிரெயில் பைக்: பழைய டூ ஸ்ட்ரோக்கை அடையாளம் கண்டு ஓட வைப்பது எப்படி?

ஆர்எக்ஸ் 100 சத்தத்தில் வளர்ந்தவர்கள் அமெரிக்காவுக்கு வந்தால் ஒரு சபலம் கட்டாயம் வரும். இங்கே பண்ணை வீட்டுக் கொட்டகைகளில் யமஹா டிடி, சுசுகி டிஎஸ், கவாசாகி கேஇ என்று 1970களின் சின்ன டூ ஸ்ட்ரோக் டிரெயில் பைக்குகள் தூசி படிந்து கிடக்கும். மண் பாதையிலும் ஓடும், லைட்டும் நம்பர் பிளேட்டும் இருப்பதால் ரோட்டிலும் ஓடும். 1968-ல் வந்த யமஹா டிடி 1 தான் இந்த ரகத்தைப் பெரிய அளவில் ஓட வைத்தது.

ஒஹாயோவில் நான் வாங்கியது 1976-ஆம் வருட டிடி 175. விலை 400 டாலர். கடைசியாக நிறுத்தும்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்றார் விற்றவர். நிறுத்தும்வரை எல்லா வண்டியும் ஓடத்தானே செய்யும்!

1. எந்த வண்டி என்று தெரிந்துகொள்ளுங்கள்

டேங்க் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். ஐம்பது வருடத்தில் டேங்க் எத்தனை முறை மாறியதோ. ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துக் குழாயில் பிரேம் நம்பர் அடித்திருக்கும். 17 இலக்க நம்பரைத் தேட வேண்டாம், அது 1981 மாடலிலிருந்துதான் வந்தது.

ஆரம்ப கால யமஹாவில் நம்பரின் முன்பகுதியே வண்டியைச் சொல்லிவிடும். ஏடி 1 (AT1) என்றால் 125 சிசி, சிடி 1 (CT1) என்றால் 175, டிடி 1 (DT1) என்றால் 250, ஆர்டி 1 (RT1) என்றால் 360. கடைசியில் 2 இருந்தால் 1972, 3 இருந்தால் 1973. 1974-ல் பெயர் வைக்கும் முறை மாறியது: டிடி, பிறகு சிசி, பிறகு வருடத்துக்கு ஓர் எழுத்து. ஏ 1974, பி 1975, சி 1976. இந்த எழுத்து பிரேமில் இருக்காது. அங்கே உள்ள மூன்று இலக்கக் குறியீட்டைப் பார்ட்ஸ் கேட்டலாக்கில் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவ்வளவு துருவுவதற்குக் காரணம் இருக்கிறது. 1972-ல் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே ரீட் வால்வு, அதாவது கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய தகடு வால்வு, வந்தது. அதற்கு முந்தைய சிலிண்டர் வேறு, கேஸ்கெட் வேறு. தப்பான பார்சல் வந்தால் திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில். இன்ஜின் நம்பரையும் பாருங்கள். அந்தக் கால யமஹாக்களில் இரண்டு நம்பரும் ஒன்றாகவே வரும். வேறாக இருந்தால் யாரோ இன்ஜினை மாற்றியிருக்கிறார்கள். வாங்கக் கூடாது என்றில்லை, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

சிலிண்டருக்குப் பின்னால் கார்புரேட்டரையே காணோமா? பயப்படாதீர்கள். கவாசாகியின் ரோட்டரி டிஸ்க் இன்ஜின்களில் அது பக்கவாட்டு மூடிக்குள் ஒளிந்திருக்கும்.

2. பணம் கொடுக்கும் முன்

கிக்கரைக் கையால் அழுத்துங்கள். கொஞ்சம் போய், எதிர்ப்பு கொடுத்து, அப்புறம் இறங்க வேண்டும். வழுக்கிக்கொண்டு இறங்கினால் பிஸ்டன் ரிங் போயிருக்கலாம். அசையவே இல்லை என்றால் பிஸ்டன் பிடித்திருக்கிறது, அதற்கேற்ப பேரம் பேசுங்கள். டைட்டில் எனப்படும் உரிமைப் பத்திரம் இல்லாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் முதல் வண்டியாக வேண்டாம்.

3. வீட்டுக்கு வந்ததும் உதைக்காதீர்கள்

கை துறுதுறுக்கும். பொறுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றி, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள்.

என் வண்டியின் ஏர் ஃபில்டர் ஃபோம் தொட்டதும் பிட்டு மாதிரி உதிர்ந்தது, அதன் பின்னால் எலிக்கூடு. உதைத்திருந்தால் அத்தனையும் சிலிண்டருக்குள் போயிருக்கும்.

ஸ்க்ரூ பற்றி ஒரு வார்த்தை. பழைய ஜப்பான் வண்டியில் பிளஸ் தலையாகத் தெரிவது ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய அளவு. சாதாரண பிலிப்ஸ் டிரைவர் அதில் முழுசாக உட்காராது, தலையைத் தின்றுவிடும். ஒரு ஜேஐஎஸ் டிரைவரும் சுத்தியலால் தட்டும் இம்பாக்ட் டிரைவரும் வாங்கிவிடுங்கள்.

4. கார்புரேட்டர், தீப்பொறி

மிக்குனி கார்புரேட்டர் எளிமையானது. காய்ந்த பெட்ரோல் பிசினாகி, பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையான பைலட் ஜெட்டை அடைத்திருக்கும். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை அளவு வட்டம் தெரிய வேண்டும். கிளீனர் அடித்து, கிட்டாரின் மெல்லிய கம்பியை விட்டு எடுங்கள். ஏர் ஸ்க்ரூவை முழுசாக மூடி ஒன்றரைச் சுற்று திறந்து வையுங்கள், பிறகு சரி பார்த்துக்கொள்ளலாம்.

பொறி வரவில்லை என்றால் பெரும்பாலும் கிராங்க் முனையில் சுழலும் மேக்னெட்டுக்குள் இருக்கும் பாயின்ட்தான் (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடுமுனை) காரணம். துரு எடுத்து, இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் வையுங்கள்.

5. ஆயில் பம்ப்

இந்த யமஹாக்களில் ஆட்டோலூப் உண்டு. ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவர்களுக்குப் பழக்கமான சமாச்சாரம்: ஆயில் தனி டேங்கில், பம்ப் அளந்து ஊட்டும். வருடக்கணக்கில் நின்ற வண்டியின் ஆயில் குழாயில் காற்று புகுந்திருக்கும். காற்றைத் தள்ளும் பம்பும் வேலை செய்யாத பம்பும் இன்ஜினுக்கு ஒன்றுதான்.

பம்பில் காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்று ஆயில் மட்டும் வரும்வரை விடுங்கள். அடுத்து, பம்ப் கப்பியில் உள்ள குறி மேனுவல் சொல்லும் ஆக்ஸிலரேட்டர் நிலையில் நேராக வருகிறதா பாருங்கள். அப்படியும் முதல் டேங்க் பெட்ரோலில் 32-க்கு 1 என்று ஆயில் கலந்துவிடுங்கள், ஒரு கேலனுக்கு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 120 மில்லி. புகை கூடுதலாக வரும், வரட்டும்.

6. ஆயில் சீல்: எல்லோரும் கோட்டை விடும் இடம்

நான் மாட்டிக்கொண்டதும் இங்கேதான். எல்லாம் செய்து முடித்து, நான்காவது உதையில் ஸ்டார்ட் ஆனது. இரண்டு நிமிடம் ஆனந்தம். அப்புறம் ஆக்ஸிலரேட்டரை விட்டும் ஆர்பிஎம் இறங்கவில்லை, தானாக ஏறியது. சாவியைத் திருப்பினேன், நிற்கவில்லை; சூடான கரியே பெட்ரோலைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தது போலும். டாப் கியர் போட்டு, பின் பிரேக்கை மிதித்து, கிளட்சை விட்டுத்தான் அடக்கினேன்.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல், காற்றுக் கலவை முதலில் சிலிண்டருக்குக் கீழே கிராங்க் சுழலும் அறையான கிராங்க் கேஸுக்குள் போய், அங்கிருந்துதான் மேலே ஏறும். அதனால் கிராங்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் சீல்கள் காற்றுப் புகாமல் அடைத்திருக்க வேண்டும். ரப்பர் ஓடாமல் கிடந்தே கட்டையாகிவிடும். மேக்னெட் பக்கச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும். காற்று கூடினால் கலவை மெலியும், என் வண்டியில் நடந்த மாதிரி ஆர்பிஎம் தானாக ஏறும், சூடு ஏறும், பிஸ்டனில் ஓட்டை விழும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சும்: விடாத வெள்ளைப் புகை, கியர் பாக்ஸில் ஆயில் குறைவு.

மேக்னெட் பக்கச் சீலை டிடி 175-ல் இன்ஜினைப் பிளக்காமல் மாற்றலாம். மேக்னெட்டை அதற்கான புல்லர் வைத்து மட்டும் கழற்றுங்கள். சுத்தியலால் தட்டினால் கிராங்க் நேர் போய்விடும். பழைய சீலில் சின்ன ஓட்டை போட்டு, ஸ்க்ரூ ஏற்றி, அதைப் பிடித்து இழுக்கலாம். ஓட்டை ஆழமானால் உள்ளே பேரிங் மாட்டும். புதிய சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, விளிம்பில் சுற்றிலும் சமமாக அழுத்தி இறக்குங்கள். சீலின் விலை சில டாலர்தான்.

7. பிஸ்டன்

கம்ப்ரஷன் கேஜ் வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுசாகத் திறந்து உதைத்துப் பாருங்கள். 120 பிஎஸ்ஐக்கு மேல் வந்தால் தொட வேண்டாம். 90-க்குக் கீழே என்றால் சிலிண்டரைக் கழற்றியே ஆக வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.25 மில்லிமீட்டர் படியாகக் கிடைக்கும். முதலில் பிஸ்டனை வாங்கி, அதையும் சிலிண்டரையும் சேர்த்துப் பட்டறையில் கொடுத்து அதற்கேற்ப சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து போர் செய்யச் சொல்லுங்கள். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டன் பின்னை நழுவாமல் பிடிக்கும் சர்க்கிளிப் எப்போதும் புதியது.

கழற்றிய கையோடு எக்ஸாஸ்ட் ஓட்டையிலும் சைலன்சரிலும் கரி எடுத்துவிடுங்கள். பாதி அடைத்த சைலன்சரோடு எந்த டூ ஸ்ட்ரோக்கும் இழுக்காது.

8. முதல் ஓட்டம்

கியர் ஆயில் மாற்றுங்கள், பிரேக் ஷூவைப் பாருங்கள், டயரில் வெடிப்பு இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். பெயின்ட், குரோம் எல்லாம் அடுத்த வருடம்.

பத்து நிமிடம் பாதி ஆக்ஸிலரேட்டரில் ஓட்டி, இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். காப்பிப் பொடி நிறம் என்றால் சரி. ஈரக் கறுப்பு என்றால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். வெள்ளையாக இருந்தால் அன்றைக்கு அதற்கு மேல் ஓட்டாதீர்கள். எங்கேயோ காற்று புகுகிறது, ஆறாம் படிக்குத் திரும்புங்கள். சிலிண்டரைக் கழற்றி மாட்டியிருந்தால் இன்ஜின் முழுசாக ஆறியபின் ஹெட் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இன்னொரு முறை இறுக்க வேண்டும். என் வண்டியில் நான்கில் இரண்டு தளர்ந்திருந்தன.