சாமுவேல் என்றால் என்ன? எபிரெயப் பெயர் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்

ஒரு பெயர்சூட்டு விழாவில், குழந்தைக்குச் சாமுவேல் என்று பேர் வைத்ததும், "அப்படின்னா கடவுள் கேட்டார்னு அர்த்தம்" என்று பெரிய ஆள் மாதிரி சொல்லிவிட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து எழுத்துகளைப் பார்த்தபோதுதான் அது அவ்வளவு சுலபமில்லை என்று தெரிந்தது. நான் தடுமாறிய வழியையே படிப்படியாகச் சொல்கிறேன். எபிரெயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: பெயர் வைக்கும் வசனத்தைக் கண்டுபிடியுங்கள்

பைபிளின் பழைய ஏற்பாட்டில், 1 சாமுவேல் 1:20. பிள்ளையில்லாமல் அழுத அன்னாள், "கர்த்தரிடத்தில் அவனைக் கேட்டேன்" என்று சொல்லிச் சாமுவேல் என்று பேரிடுகிறாள். இதை ஒரு தாளில் எழுதி ஓரமாக வையுங்கள். தாய் சொல்லும் காரணமும் பெயரின் மூலமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள்.

படி 2: மூல எழுத்துகளை எடுங்கள்

இதற்கு உதவுவது ஸ்ட்ராங் எண். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்ட சொல்லடைவில், பழைய ஏற்பாட்டின் எபிரெயச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. சாமுவேலின் எண் 8050. இணையத்தில் "எபிரெயம் 8050" என்று தேடினால் கிடைத்துவிடும்.

எழுத்துகள் ஐந்து: ஷின், மேம், வாவ், ஆலெஃப், லாமெத். வலமிருந்து இடமாக எழுதுவார்கள். உச்சரிப்பு ஷெமூஏல். கிரேக்கத்தில் "ஷ" ஒலி கிடையாது. அதனால் கிரேக்க மொழிபெயர்ப்பில் அது சமூஏல் ஆனது. நம் சாமுவேலில் உள்ள "வே" உடம்படுமெய் போட்ட வேலை, முருகன் கை வேல் அல்ல!

படி 3: கடவுள் பெயரைக் கழற்றுங்கள்

எபிரெயப் பெயர்களில் பல, "ஏல்" அல்லது "யா" என்று முடியும். இரண்டும் கடவுளைக் குறிப்பவை. தானியேல், எசேக்கியேல் ஒரு பக்கம். ஏசாயா, எரேமியா இன்னொரு பக்கம். ஆனால் தமிழ் ஒலியை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். ராகேலிலும் ஆபேலிலும் ஏல் இருப்பதுபோல் கேட்கிறது. ராகேல் என்றால் பெண் ஆடு; ஆபேல் என்றால் மூச்சுக்காற்று, ஆவி. இரண்டிலும் லாமெத்துக்கு முன்னால் ஆலெஃப் இல்லை. ஆலெஃப் லாமெத் சேர்ந்து வந்தால்தான் ஏல்.

நம் பெயரில் அது இருக்கிறது. கழற்றிவிட்டால் மிச்சம் "ஷெமூ".

படி 4: மிச்சத்துக்கு வேர் தேடுங்கள்

நான் விழுந்த இடம் இதுதான். தமிழில் "கேள்" என்ற ஒரே சொல் காதால் கேட்பதற்கும் ஆகும், வேண்டிக் கேட்பதற்கும் ஆகும். எபிரெயத்தில் இவை வேறு வேறு வேர்கள்.

காதால் கேட்பது ஷாமா: ஷின், மேம், அயின்.
வேண்டிக் கேட்பது ஷாஅல்: ஷின், ஆலெஃப், லாமெத்.

"அன்னாள் கேட்டாள், கடவுள் கேட்டார்" என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால், இரண்டும் ஒன்று என்றே மனசு எடுத்துக்கொள்கிறது. எழுத்துகளைப் பாருங்கள். ஷாமாவின் மூன்றாம் எழுத்தான அயின், ஷெமூஏலில் இல்லை. உண்மையிலேயே "கடவுள் கேட்கிறார்" என்று பொருள்படும் பெயர் இஸ்மவேல் (ஆதியாகமம் 16:11). அதில் அயின் இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு வேட்பாளர் உண்டு: ஷேம், அதாவது பெயர். ஷின், மேம். கச்சிதமாகப் பொருந்துகிறது.

படி 5: அதே அச்சில் வார்த்த பெயர்களோடு ஒப்பிடுங்கள்

நடுவில் வரும் "ஊ" என்ன? யாக்கோபு போராடிய இடத்துக்கு எபிரெயத்தில் ஆதியாகமம் 32:30-இல் பெனியேல் என்று பெயர். அடுத்த வசனத்திலேயே அது பெனூஏல். இரண்டும் "கடவுளின் முகம்" தான். அந்த "ஊ" பழைய வேற்றுமை உருபு ஒன்றின் எச்சம் என்பார்கள். அப்படியானால் ஷெமூஏல், "கடவுளின் பெயர்". "அவர் பெயர் ஏல்" என்று வாக்கியமாகப் பிரிப்பவர்களும் உண்டு. எனக்கு முதலாவதே சரியாகப் படுகிறது.

படி 6: இப்போது தாயிடம் திரும்புங்கள்

அப்படியென்றால் அன்னாள் சொன்னது தப்பா? இல்லை. அவள் இலக்கணம் சொல்லவில்லை, ஒலியோடு விளையாடுகிறாள். ஷெமூஏலின் ஐந்து எழுத்துகளை எழுதி, நடுவிலுள்ள மேம், வாவ் இரண்டையும் விரலால் மறையுங்கள். மிஞ்சுவது ஷின், ஆலெஃப், லாமெத். ஷாஅல்!

இன்னும் கொஞ்சம் தோண்டினால் வேடிக்கை கூடும். 1:27, 28 ஆகிய இரண்டே வசனங்களில் இந்த வேர் நான்கு முறை வருகிறது. பிள்ளையைக் கர்த்தருக்கு "ஒப்புக்கொடுக்கிறேன்" என்ற இடத்திலும் அதே வேர்தான், "கேட்டதைக் கொடுத்தல், இரவல் கொடுத்தல்" என்ற வடிவத்தில். இரத்தலிலிருந்து நமக்கு இரவல் வந்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 28-இல் பிள்ளையைப் பற்றி "ஷாஊல்", அதாவது கேட்கப்பட்டவன், என்கிறாள். அது அப்படியே இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலின் பெயர்! இந்தக் கதை முதலில் சவுலைப் பற்றியதாக இருந்திருக்கும் என்று ஆய்வாளர் சிலர் சொல்கிறார்கள். பின்னால் ஜனங்கள் கேட்டு வாங்கப்போகும் ராஜாவைக் கதாசிரியர் இங்கேயே கோடிகாட்டுகிறார் என்பது வேறு சிலர் கருத்து. நான் இரண்டாம் கட்சி.

படி 7: குறித்து வையுங்கள்

ஒரே வரியில் முடிக்க வேண்டாம், இரண்டாக எழுதுங்கள். சொல் மூலம்: ஷேம் + ஏல், கடவுளின் பெயர். கதை தரும் காரணம்: கர்த்தரிடத்தில் கேட்டது.

கை பழக வேண்டுமானால் 1 சாமுவேல் 8:2-க்குப் போங்கள். சாமுவேலின் பிள்ளைகள் இருவர்: யோவேல், அபியா. ஒன்றில் ஏல், ஒன்றில் யா. யோவேலில் முன்பாதியையும் விடாமல் பாருங்கள், அங்கேயும் கடவுள் பெயர் ஒளிந்திருக்கிறது.