முதன்முறையாக இணையவழிக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போகிறீர்களா?

போன ஆண்டு இணையவழிப் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் முதன்முதலாகக் கட்டுரை வாசித்தேன். பாலைத் திணை பற்றிய கட்டுரை, ஆறு மாத உழைப்பு. ஏழு நிமிடம் பேசிய பிறகுதான் அமர்வுத் தலைவர் குறுக்கிட்டு, "அம்மா, முதல் பக்கமே நிற்கிறதே" என்றார். என் திரையில் எட்டாவது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஆண்டு ஆய்வுக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு அப்படி நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆய்வுச்சுருக்கம் அனுப்பி, ஏற்புக் கடிதமும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

1. நேரம்

வெளிநாட்டுக் கருத்தரங்கு என்றால் அழைப்பிதழில் இருப்பது யாருடைய நேரம் என்று பாருங்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அங்கே மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். சிங்கப்பூர், மலேசியாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. எப்போதும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்.

2. எழுத்துரு

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் பவர்பாயிண்ட் செய்திருந்தால் இன்றே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். கோப்பை முன்கூட்டியே வாங்கித் தங்கள் கணினியிலிருந்து ஓட்டும் அமைப்பாளர்களும் உண்டு என்பதால் இது முக்கியம். மாற்றுவதற்கு நான் என்எச்எம் கன்வர்ட்டரைப் பயன்படுத்துகிறேன். மாற்றிய பின் 'ஔ' வரும் இடங்களைக் கண்ணால் பாருங்கள். பல இடங்களில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாக நிற்கும்.

3. திரையைப் பகிர்தல்

நான் மாட்டிக்கொண்ட இடம் இது. ஜூமில் 'ஷேர்' அழுத்தியதும் முழுத் திரையா, ஏதாவது ஒரு சாளரமா என்று கேட்கும். நான் பவர்பாயிண்ட் சாளரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பிறகு 'ஸ்லைடு ஷோ'வைத் தொடங்கினேன். 'ஸ்லைடு ஷோ' தனிச் சாளரமாகத் திறக்கிறது. பகிர்வோ பழைய சாளரத்திலேயே நின்றுவிட்டது. எனக்கு எல்லாம் ஓடியது, அவர்களுக்கு ஒன்றும் ஓடவில்லை.

தப்பிக்க மூன்று வழி உண்டு. முதலில் 'ஸ்லைடு ஷோ'வைத் தொடங்கிவிட்டு, ஆல்ட்+டேப் அழுத்தி ஜூமுக்கு வந்து, அந்தச் சாளரத்தைப் பகிரலாம். அல்லது முழுத் திரையையும் பகிரலாம். அப்போது வாட்ஸ்அப் வெப்பை மூடிவிடுங்கள். மூன்றாவதுதான் என் விருப்பம்: பிடிஎஃப் ஆக்கிவிடுவது. ஒரே சாளரம், பக்கத்தைத் தள்ளினால் போதும். எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே போய்விடுவதால் 2ஆம் படியின் கவலையும் தீரும். பறந்து வரும் எழுத்துகள் ஆய்வுக் கட்டுரைக்கு எதற்கு?

எந்த வழியானாலும், பகிர்ந்தவுடன் இரண்டாம் பக்கத்துக்குப் போய், "இரண்டாம் பக்கம் தெரிகிறதா ஐயா?" என்று கேளுங்கள். "திரை தெரிகிறதா?" என்று மட்டும் கேட்டால் தெரிகிறது என்றுதான் சொல்வார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

4. ஒத்திகை

ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடம் கூட்டம் நடத்தலாம். மடிக்கணினியில் கூட்டத்தைத் தொடங்கி, கைப்பேசியிலிருந்து அதே கூட்டத்தில் சேருங்கள். கைப்பேசியில் ஒலியை இணைக்காதீர்கள், ஊளையிடும். மற்றவர்களுக்கு என்ன தெரியும் என்பதைக் கைப்பேசியில் நேராகப் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்குக் கொடுத்திருப்பது 10 நிமிடம் என்றால் 8 நிமிடத்தில் முடியும்படி சுருக்குங்கள். மீதி இரண்டு நிமிடம் வணக்கத்துக்கும் திரைப் பகிர்வுக்குமே போய்விடும்.

5. அன்றைக்கு

15 நிமிடம் முன்னதாக உள்ளே போங்கள். பதிவுப் படிவத்தில் தலைப்பெழுத்தோடு கொடுத்த பெயரையே ஜூமிலும் வையுங்கள். வருகையைச் சரிபார்த்துச் சான்றிதழ் தருபவர்களுக்கு அது வேண்டும். பின்னூட்டப் படிவத்தின் இணைப்பை அரட்டைப் பெட்டியில் போடுவார்கள். வெளியேறிவிட்டால் அந்தப் பெட்டி போய்விடும், அதனால் வந்தவுடனே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், உங்கள் வாசிப்பு முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். எனக்குக் கிடைத்த நல்ல மேற்கோள் ஒன்று அடுத்த கட்டுரையாளரின் கலந்துரையாடலில்தான் வந்தது.

பிற்சேர்க்கை: மடிக்கணினி இல்லை, கைப்பேசி மட்டும்தான் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கைப்பேசியிலேயே தாராளமாக வாசிக்கலாம். பிடிஎஃப் கோப்பை முன்பே கைப்பேசியில் இறக்கி வையுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பேச்சு அறுந்துவிடும். அதனால் விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திறங்கள். வீட்டில் வைஃபை இல்லையென்றால் அப்பா அம்மாவின் கைப்பேசியிலிருந்து ஹாட்ஸ்பாட் வாங்கலாம். அந்தக் கைப்பேசிக்கு அரை மணி நேரம் யாரும் அழைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.