உலகுக்கு ஒரு பொதுமொழி: தேர்ந்தெடுக்கும்போது நேரும் தவறுகள்

உலகம் முழுவதற்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்று யாராவது பேச்சை எடுத்தால், உடனே "சரி, எந்த மொழி?" என்று தாவிவிடுகிறோம். எது எளிது, எது இனிது, எதைப் பேசுபவர்கள் அதிகம் என்று விவாதம் நீண்டுகொண்டே போகும். ஒன்றரை நூற்றாண்டாக நடந்த முயற்சிகளைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது இதுதான்: குணம் பார்த்து எந்த மொழியையும் உலகம் ஏற்றுக்கொண்டதில்லை. அதைக் கற்க யார் பாடுபட வேண்டும், யாருக்கு அது பிறப்பிலேயே கிடைத்துவிடுகிறது, நாளைக்கு அதில் கைவைக்கும் உரிமை யாருக்கு என்பதையெல்லாம் முதலில் பேசித் தீர்க்க வேண்டும். இதைப் பேசாமல் தொடங்கியவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று பார்ப்போம்.

தலை எண்ணுவது

அதிகம் பேர் பேசும் மொழியையே வைத்துவிடலாமே என்ற வாதம் நமக்குப் புதிதல்ல. எண்ணிக்கைதான் அளவு என்றால் மயிலுக்குப் பதில் காக்கைதானே தேசியப் பறவையாக இருக்க வேண்டும் என்று அண்ணா கேட்டதை இன்றும் மேடைகளில் சொல்கிறோம். உலகக் கணக்கில் தாய்மொழியாகப் பேசுவோர் அதிகம் உள்ளது மாண்டரின் சீனத்துக்கு. அதற்காகப் பெருவும் நைஜீரியாவும் அதை ஏற்றுக்கொண்டுவிடுமா?

இதற்கு நல்ல பதிலை இந்தோனேசியாவில் பார்க்கலாம். 1928 அக்டோபரில் இன்றைய ஜகார்த்தாவில் கூடிய இளைஞர்கள், இன்னும் பிறக்காத தங்கள் நாட்டுக்கு ஒற்றுமை மொழியாக மலாயைத் தேர்ந்து, அதற்கு இந்தோனேசிய மொழி என்று பெயர் வைத்தார்கள். அங்கே மிகப் பெரிய கூட்டம் ஜாவா மொழிக்காரர்கள். மலாயைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அவர்களைவிட மிகக் குறைவு. ஆனால் தீவுக்குத் தீவு துறைமுகங்களில் வியாபாரிகள் பேரம் பேசியது மலாயில்தான். அதோடு, ஜாவா மொழியில் எதிரே நிற்பவரின் தகுதிக்கேற்பச் சொற்களையே மாற்றிப் பேச வேண்டும். மலாயில் அந்தச் சங்கடம் குறைவு. பெரிய வீட்டுக்காரர் தன் மொழியைத் திணிக்காமல் விட்டதால்தான் மற்றவர்கள் நம்பி உள்ளே வந்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

எளிது என்றால், யாருக்கு?

புதிதாக மொழி செய்தவர்கள் எல்லோரும் சறுக்கிய இடம் இது. ஜெர்மனியின் பாடன் பகுதியைச் சேர்ந்த கத்தோலிக்கப் பாதிரியார் யோஹான் மார்ட்டின் ஷ்லையர் 1879இல் வோலாப்பூக் என்ற மொழியை வெளியிட்டார். சீனர்களுக்குச் சிரமம் என்று எண்ணி 'ர' ஒலியைப் பெரும்பாலும் ஒதுக்கினார். ஆங்கிலத்தில் உலகத்தைக் குறிக்கும் 'வேர்ல்ட்' அவர் கையில் 'வோல்' ஆனது. பேசு என்னும் 'ஸ்பீக்' 'பூக்' ஆனது. கடைசியில் வோலாப்பூக் என்ற பெயரைக் கேட்டால் ஆங்கிலேயருக்கே தன் சொற்கள் அடையாளம் தெரியாது. ஜெர்மன் மொழியின் ä, ö, ü என்னும் இரட்டைப் புள்ளி உயிரெழுத்துகளை மட்டும் தாராளமாக வைத்துக்கொண்டார். அவை அவருக்கு எளிது அல்லவா!

அடுத்து வந்தது எஸ்பெராண்டோ. போலந்தைச் சேர்ந்த கண் மருத்துவர் லுட்விக் ஸாமென்ஹாஃப் 1887இல் வெளியிட்டது. இலக்கணம் 16 விதிகளில் அடங்கிவிடும் என்பது அதன் பெருமை. அதை ஒரு தமிழர் கற்றால் எப்படி இருக்கும் என்று பார்த்தால் வேடிக்கையான விஷயங்கள் தெரியவருகின்றன. 'லிப்ரோ' என்றால் புத்தகம். 'மி லெகாஸ் லிப்ரோன்' என்றால் நான் புத்தகத்தை வாசிக்கிறேன். அந்தக் கடைசி 'ன்' நம்முடைய 'ஐ' வேற்றுமைதான். பல ஐரோப்பியர்களுக்கு இது பெரிய தலைவலி. நமக்கு ஐந்து நிமிட வேலை. 'லெர்ன்' என்ற கற்றலோடு இடத்தைக் குறிக்கும் விகுதியைச் சேர்த்தால் 'லெர்னேயோ', அதாவது பள்ளி. உணவகம், நூலகம் என்று நாம் சொல் கட்டுவதைப் போலவே.

ஆனால் 'அழகான பூ' பன்மையாகும்போது பூ மட்டும் அல்ல, 'அழகான' என்பதும் பன்மை விகுதி ஏற்க வேண்டும். இது நமக்கு அடியோடு பழக்கமில்லாதது. அப்பாவுக்குப் 'பத்ரோ', அதோடு பெண்பால் விகுதி சேர்த்தால்தான் அம்மா, 'பத்ரினோ'. அம்மாவைத் தனிச்சொல்லால் அழைத்துப் பழகியவர்களுக்கு இது உறுத்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேர்ச்சொற்கள் பெரும்பாலும் லத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன் வழி வந்தவை. பிரெஞ்சுக்காரர் ஊகித்தே பாதியைப் படித்துவிடுவார். நாம் ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டும். ஆகவே ஒரு மொழியை 'உலகிலேயே எளிது' என்று யாராவது சொன்னால், அப்படிச் சொல்பவரின் தாய்மொழி எது என்று முதலில் கேளுங்கள்.

சாவி ஒருவர் கையில் இருப்பது

வோலாப்பூக் செத்ததற்கு அதன் ஒலிகள் மட்டும் காரணம் இல்லை. 1880களில் ஐரோப்பாவெங்கும் அதற்குச் சங்கங்கள் முளைத்தன, பத்திரிகைகள் வந்தன. 1889இல் பாரிஸில் நடந்த மூன்றாவது மாநாட்டில் பேச்சு முழுவதும் வோலாப்பூக்கிலேயே நடந்தது. அந்த உச்சத்திலேயே சரிவும் தொடங்கியது. மொழிக் கழகத்தின் தலைவர் ஒகுஸ்த் கெர்க்கோஃப்ஸ் சில திருத்தங்களை முன்வைத்தார். இறுதி முடிவு தன்னுடையதே என்றார் ஷ்லையர். மொழி தன் குழந்தை என்ற பாசம் புரிகிறது. ஆனால் கற்றவர்கள் அதற்குள் அதைத் தங்கள் மொழியாக நினைக்கத் தொடங்கியிருந்தார்கள். சில ஆண்டுகளிலேயே சங்கங்கள் கரைந்துவிட்டன.

ஸாமென்ஹாஃப் தன் முதல் சிறு நூலிலேயே, பொதுமொழி சமுதாயத்தின் சொத்து, தனக்கு அதில் எந்த உரிமையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு அவர்மேல் இருக்கும் மரியாதைக்கு முதல் காரணம் இதுதான். 1905இல் பிரான்ஸின் பூலோன்-சுர்-மேர் நகரில் கூடிய முதல் உலக மாநாட்டில் அடிப்படை விதிகளை யாரும் மாற்றக் கூடாது, ஸாமென்ஹாஃப் உட்பட, என்று முடிவானது.

ஓயாமல் பழுது பார்ப்பது

அப்படி முடிவெடுத்தும் இரண்டே ஆண்டுகளில் சோதனை வந்தது. பொதுமொழியைத் தேர்ந்தெடுக்க 1907இல் பாரிஸில் ஓர் அறிஞர் குழு கூடியது. வேதியியலாளர் ஓஸ்ட்வால்ட், மொழியியலாளர் யெஸ்பர்சன் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். எஸ்பெராண்டோவைத் திருத்தி 'இடோ' என்ற புனைபெயரில் ஒரு வரைவு அவர்கள் முன்னே வந்தது. எஸ்பெராண்டோவுக்காக வாதாட வந்திருந்த லூயி தெ போஃப்ரோனே அந்தப் புனைபெயருக்குச் சொந்தக்காரர் தான்தான் என்று அடுத்த ஆண்டு அறிவித்தார். கூட இருந்தவரே அப்படிச் செய்ததில் ஏற்பட்ட காயம் வெகுகாலம் ஆறவில்லை.

அடைமொழிக்குப் பன்மை விகுதி வேண்டாம் என்றது, அந்தப் புனைபெயரையே பெயராகப் பெற்ற இடோ மொழி. நம் காதுக்கு அது சரியான திருத்தம்தான். ஆனாலும் திருத்தத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்தால் அடுத்தவருக்கும் ஒரு திருத்தம் இருக்கும். யெஸ்பர்சனே 1928இல் நோவியல் என்று இன்னொரு மொழி செய்தார். 1951இல் இன்டர்லிங்குவா வந்தது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சீரானது என்றுதான் வந்தது. ஒவ்வொன்றும் ஏற்கெனவே சிறிதாக இருந்த கூட்டத்தையே பங்கு போட்டது. குறைகளோடு அப்படியே நின்ற எஸ்பெராண்டோவைத்தான் இன்றும் அதிகம் பேர் பேசுகிறார்கள்.

நாற்காலியில் ஏற்கெனவே இருப்பவரை மறப்பது

முதல் உலகப் போர் முடிந்து, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் உருவானபோது, பள்ளிகளில் எஸ்பெராண்டோவைக் கற்பிக்கலாம் என்று சில நாடுகள் பரிந்துரைத்தன. சங்கத்தின் அதிகாரியான ஜப்பானியர் இனாசோ நிதோபே 1921இல் பிராகில் நடந்த எஸ்பெராண்டோ மாநாட்டுக்கே போய்ப் பார்த்து, சாதகமாக எழுதினார். பிரான்ஸ் விடவில்லை. ராஜதந்திர மொழி என்ற இடத்தில் பிரெஞ்சு இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பது அதன் நிலை. 1922இல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சர், பள்ளிக் கட்டடங்களில் எஸ்பெராண்டோ வகுப்பு நடத்தவே தடை போட்டார்.

ஆனால் பிரெஞ்சுக்கு உண்மையான போட்டி வேறு பக்கத்தில் இருந்தது. 1919 வெர்சாய் ஒப்பந்தத்தில் ஆங்கில வாசகமும் பிரெஞ்சு வாசகமும் சம அதிகாரம் பெற்றுவிட்டன. எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் ஒட்டே இல்லாத ஆங்கிலத்தை, எளிது என்று எந்த அறிஞர் குழுவும் தேர்ந்தெடுக்கவில்லை. பிரிட்டிஷ் பேரரசும் பிறகு அமெரிக்க வணிகமும் அதைச் சுமந்து வந்தன. இப்போது நம் பிள்ளைகள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆங்கிலத்துக்காக உழைக்கிறார்கள். அந்த நேரத்தில் லண்டன் பிள்ளை வேறு எதையாவது கற்றுக்கொள்கிறது. இந்தச் செலவைக் கணக்கில் எடுக்காமல் "ஆங்கிலம்தான் இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்று கடந்துபோவதும் ஒரு தவறுதான்.

சமாதானம் வந்துவிடும் என்று நம்புவது

ஸாமென்ஹாஃப் பிறந்த பியாவிஸ்தோக் நகரில் யூதர்களும் போலந்துக்காரர்களும் ரஷ்யர்களும் ஜெர்மானியர்களும் ஒருவரையொருவர் வெறுத்தார்கள். மொழி வேறுபாடுதான் காரணம் என்று அந்தச் சிறுவன் நம்பினான். அந்த வேதனை உண்மையானது. ஆனால் 1994இல் ருவாண்டாவில் கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் பேசியது ஒரே கின்யருவாண்டா மொழி. ஸாமென்ஹாஃபின் மூன்று பிள்ளைகளையும் நாஜிகள் கொன்றார்கள். எந்தப் பொதுமொழியும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. பொதுமொழியை அண்டைவீட்டாரோடு பேசும் இரண்டாம் மொழியாகத்தான் ஸாமென்ஹாஃப் நினைத்தார். தாய்மொழியின் இடத்தில் அதை வைக்க அவர் ஒருபோதும் கேட்கவில்லை. இந்த வேறுபாட்டை அழித்துவிட்டுப் பேசும்போதுதான் சண்டையே தொடங்குகிறது. இலங்கையில் 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் கொண்டுவந்ததன் விலையை நாம் நேரில் கண்டவர்கள்.

ஒரே மொழி, ஒரே பொருள் என்று எண்ணுவது

பொதுமொழி கிடைத்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் தெனெரீஃபே தீவு விமான நிலையத்தில், மூடுபனிக்குள், டச்சு விமானம் ஒன்று ஓடுபாதையில் ஊர்ந்துகொண்டிருந்த அமெரிக்க விமானத்தின்மேல் மோதி 583 பேர் இறந்தார்கள். டச்சு விமானி ஆங்கிலத்தில், 'இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்' என்ற பொருளில் சொன்னார். கிளம்பிவிட்டோம் என்பது அவர் சொல்ல வந்தது. ஸ்பானியக் கட்டுப்பாட்டாளருக்கு, கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று பட்டது. ஒன்றன்மேல் ஒன்று விழுந்த வானொலிக் குரல்களும், அனுமதி வரும் முன் ஓடத் தொடங்கிய அவசரமும் சேர்ந்துகொண்டன. இருவருக்கும் ஆங்கிலம் தெரிந்தே இருந்தது.

அதற்குப் பிறகு 'டேக்-ஆஃப்' என்ற சொல்லையே, கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. மற்ற நேரங்களில் வேறு சொல். அந்த விதி ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட விமானிகளுக்கும் உண்டு. அவர்களும் தங்கள் ஊர்ப் பேச்சை விட்டுவிட்டு, வகுத்த சொற்றொடர்களில்தான் வானொலியில் பேச வேண்டும்.